தாகத்துக்கு வைத்த தண்ணீர்

கூட்டத்துக்கு வந்திருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். மேசையின் தலைமாட்டில் எங்கள் கில்காயா ஊர்த்தலைவர் செனோபியோ. அவருக்கு வலப்பக்கம், நகரத்து ஆய்வகத்திலிருந்து வந்த மிர்த்தா. ஊர்க் கடிதங்களை எழுதுகிறவன் என்பதால் இடப்பக்கம் நான். வாசலோரப் பெஞ்சில், பாதி எழுந்தவளைப் போல, சதுர்னினா அக்கா. ஊற்றுக்குக் காவல் அவள்தான். மற்றவர்கள் லாமா மந்தையோடு மேலே போய்விட்டார்கள். கீழே புல் இல்லை.

விஷயம் ஒன்றுதான். தாமிரச் சுரங்கக்காரர்கள் சமவெளியில் ஆழ்துளைக் கிணறு போட்டதிலிருந்து எங்கள் ஊற்று மெலிந்துகொண்டே வந்தது. அந்தத் தண்ணீர் வேறு, இது வேறு என்று அவர்கள் சாதித்தார்கள். இரண்டும் ஒன்று என்று நிரூபித்தால் நீதிமன்றம் கிணற்றை மூடச் சொல்லும். இல்லாவிட்டால் நாங்கள் ஊரை மூட வேண்டியதுதான்.

மிர்த்தா தாளை விரித்தாள். "ஊத்துத் தண்ணியும் கிணத்துத் தண்ணியும் ஒத்துப்போகலை."

"தண்ணிக்கும் தண்ணிக்கும் என்னம்மா ஒத்துப்போறது?" என்றார் செனோபியோ.

"தண்ணியில எடை கூடின தண்ணியும் கொஞ்சம் கலந்திருக்கும் ஐயா. ஐசோடோப்புன்னு சொல்லுவோம். பேரு ஒண்ணு, குணம் ஒண்ணு, எடை மட்டும் வேற."

"எங்க பங்காளிங்க மாதிரி."

அவள் சிரிக்கவில்லை. "எந்த உயரத்துல பெஞ்ச மழையோ அதுக்கேத்த மாதிரிதான் கனமும் லேசும் சேர்ந்திருக்கும். சோதனைக்கு நீங்க குடுத்த புட்டியில கீழ் ஆத்துத் தண்ணி கலந்திருக்கு."

தகரக் கூரைமேல் காற்று மணலை வாரி இறைத்தது.

"நான்தான் கலந்தேன்," என்றாள் சதுர்னினா அக்கா. "வாய்வரைக்கும் ரொப்பணும்னு சொல்லிட்டுப் போனியே. ஊத்து சொட்டுச் சொட்டா விழுந்துது, பாதிக்கு மேல ஏறலை. குறைப் பாத்திரத்த விருந்தாளி கையில எப்படிம்மா குடுக்கிறது? கீழ் ஆத்துலேர்ந்து வர்ற லாரித் தண்ணிய ஊத்தினேன்."

"அடிப்பாவி! மரியாதை பாத்து ஊரையே கவுத்திட்டியே!" என்றார் செனோபியோ.

மிர்த்தாவின் குரல் இறங்கிவிட்டது. "உள்ள காத்து நிக்கக்கூடாதுன்னுதான்க்கா ரொப்பச் சொன்னேன். சின்ன மருந்துப் புட்டியே போதும். விளக்கமா சொல்லியிருக்கணும். சரி, இப்ப புதுசா பிடிச்சுக் குடுங்க. கோர்ட்டு மனுவோட சேத்துடலாம்."

ஊற்று போன மாதமே நின்றுவிட்டிருந்தது. அதை அவளிடம் யார் சொல்வது என்று நானும் தலைவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அக்கா எழுந்து வெளியே போனாள். போர்வை காற்றில் படபடக்க, கல்லறை மேட்டில் அவள் ஏறுவது ஜன்னலில் தெரிந்தது.

திரும்பி வந்தவள் மெழுகால் வாயடைத்த கண்ணாடிப் புட்டி ஒன்றை மேசைமேல் வைத்தாள். கழுத்துவரை மண் ஒட்டியிருந்தது. நவம்பரில், இறந்தோர் நாளன்று, தன் புருஷன் ஃபெர்மினின் தலைமாட்டில் அவள் வைத்தது. போகிற வழியில் ஆவிக்குத் தாகம் எடுக்கும்.

மிர்த்தா புட்டியைச் சாய்த்துப் பார்த்தாள். உள்ளே ஒரு குமிழிகூட இல்லை.

"இது ஊத்துத் தண்ணிதானாக்கா?"

"பின்ன, அவருக்கு லாரித் தண்ணியா வைப்பேன்?"

"கோர்ட்டுல ஏத்துப்பாங்களான்னு தெரியலை."

"கொண்டு போ."

எந்த ஊற்று, எந்த நாள், எதில் அடைத்தது என்று வரிசையாகக் கடிதத்தில் எழுதினேன். கொடுத்தவர் என்ற இடத்தில் பேனா நின்றது.

"யார் பேர எழுத அக்கா?"

"அவர் பேரையே எழுது. அவர்தானே குடுக்கிறார்."

உறையின் பசையை நனைக்க என் நாக்கில் ஈரமில்லை. கல்லறையில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டை மடியிலிருந்து எடுத்து, உருக்கி, அவளே ஒட்டினாள். மிர்த்தா கடிதத்தைப் பைக்குள் வைத்தாள். வண்டியில் ஏறி, புட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வண்டி புழுதிக்குள் இறங்கியது.

அக்கா லாரித் தண்ணீர்த் தொட்டியருகே போயிருந்தாள். காலிப் புட்டி ஒன்றைக் குழாயடியில் பிடித்தபடி நின்றாள். குழாயைத் திறக்கவில்லை.