கார்ப்பெட்டில் இரண்டு இடம்

1

இந்தக் கதை ஒரு செல்போன் படத்திலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மாடி வீட்டில் குடியிருந்தவர்கள் காலி செய்த அன்று எடுத்த படம். கூடத்தில் அரக்கு நிறக் கார்ப்பெட். அதில் எதிரெதிரே இரண்டு இடம் மட்டும் பளபளக்கிறது.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: "கோயில் மணி ஒலிக்க, தறிச்சத்தத்துக்கு நடுவே காஞ்சி—"

வேண்டாம். எங்கள் தெருவில் காலையில் கேட்பது தண்ணீர் மோட்டார்தான்.

2

லுப்னா நான்கு வருடம் மாடியில் இருந்தாள். கணவர் அக்பருக்கு வாலாஜாபாத்தில் வேலை கிடைத்ததால் கிளம்புகிறார்கள். பட்டுப்புடவை முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவது அவள் தொழில். ஜன்னலோரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து கட்டியதில் கார்ப்பெட் தேய்ந்துபோனது. நாலு வருடம் உட்கார்ந்தால் தேயத்தான் செய்யும், அதற்குக் குடியிருப்பவரைக் குறை சொல்ல முடியாது.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. காலி செய்வதற்கு முந்தின நாள் மிச்சமிருந்த பட்டு நூலால் தேய்ந்த இரண்டு இடங்களையும் நெருக்கி இழையோட்டிவிட்டாள். டியூப்லைட்டில் நிறம் அப்படியே பொருந்தியது. மறுநாள் வெயில் உள்ளே வந்ததும் தைத்த இடம் மட்டும் தனியாக மின்னியது. (பட்டோடு பழகிய கையே இப்படி ஏமாந்ததுதான் எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம். தைக்காமல் விட்டிருந்தால் நான் கவனித்தே இருக்க மாட்டேன்.)

3

வீட்டுக்காரம்மாவின் மகன் விமல்ராஜ். முதல் பிரதியில் அவனுக்கு முரட்டு மீசை வைத்து வில்லனாக்கினேன். பிறகு எடுத்துவிட்டேன், எனக்கு மீசை கிடையாது. ஆமாம், விமல்ராஜ் நான்தான்.

"ரெண்டு எடத்துல எப்டிமா தேஞ்சுது?" என்று லுப்னாவிடம் கேட்டேன்.

"ரெண்டும் நான் ஒக்காந்த எடம்தாண்ணா. காலைல இங்க, சாயங்காலம் அங்க. என் தப்புதான்."

அம்மா, அதாவது தேவகி, கதவருகில் நின்றிருந்தார். மூட்டு ஆபரேஷன் ஆனவர். படி ஏறக்கூடாது, தரையில் உட்காரக்கூடாது என்று உத்தரவு போட்டவன் நான். அன்று வழியனுப்ப மட்டும் என் கையைப் பிடித்து ஏறி வந்திருந்தார்.

இரண்டாவது இடத்துக்கு மேலே சுவரில் எண்ணெய்க் கறை. யாரோ தினமும் தலை சாய்த்த கறை. லுப்னாவை முக்காடு இல்லாமல் நான் பார்த்ததே இல்லை; தினமும் தலைக்கு எண்ணெய் வைப்பவர் அம்மா. என் அம்மாவை என்னிடமிருந்து காப்பாற்ற இன்னொரு வீட்டுப் பெண் பொய் சொல்கிறாள். வெட்கமாக இருந்தது. அவளை ரொம்பப் பிடித்தும் போனது.

[இங்கே ஒரு பத்தியை அடித்துவிட்டேன். நான் ஆபீஸ் போன பகல்களில் அம்மா என்ன செய்வார் என்று ஒருநாளும் கேட்காத மகனைப் பற்றியது.*]

* அடித்திருக்கக் கூடாது.

4

முடிவு அ: "அது நான் ஒக்காந்த எடம்டா" என்கிறார் அம்மா. நான் கத்துகிறேன். (கத்துவேன் என்றுதான் அவர்கள் இருவரும் நினைத்திருக்கிறார்கள்.)

முடிவு ஆ: அம்மா வாயே திறக்கவில்லை. கார்ப்பெட்டைக் கெடுத்தவள் என்ற பெயரோடு லுப்னா படியிறங்குகிறாள்.

நடந்தது இவ்வளவுதான். "பழைய கார்ப்பெட்டுமா, தேயாம என்ன பண்ணும்? சாவியக் குடு" என்றேன். உடனே அம்மா, "டேய் விமலு, அந்த எடம்..." என்று ஆரம்பித்தார். லுப்னா அவர் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அந்த வாக்கியம் இன்னும் அங்கேயே நிற்கிறது. நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். எனக்கு வேறொரு கேள்விக்குப் பதில் தேட வேண்டியிருக்கிறது. நேற்று சாப்பிடும்போது அம்மா கேட்டார்:

"வாலாஜாபாத்ல அந்தப் பொண்ணு வூடு மாடியாப்பா, கீழயா?"