எந்தத் துண்டு எந்த ஊர்

இவர் எஞ்சின் மூடியைத் திறந்தபோதே நான் ஓர் அடி முன்னால் வந்துவிட்டேன். பொட்டு வைக்கத்தான் திறக்கிறேன் என்றார். புதிதாக வந்த உழவு மிசினுக்கு நெற்றியில் வைத்தால் போதாதாம், எஞ்சினுக்கும் வைக்க வேண்டுமாம். சுற்றிவர முதலாளி ஹெர் அம்பூலும் அவருடைய மனைவியும் பக்கத்து ஹோட்டல்காரரும் சமையலறை ஆட்களும் கையில் சின்னக் கிளாசுகளுடன் நின்றார்கள். முன் சில்லுகளுக்கு அடியில் தேசிக்காய் வைத்து, கற்பூரம் காட்டி, எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்துகொண்டிருந்தது. அம்பூலின் மனைவி கைகூடத் தட்டினார். அதோடு விட்டிருக்கலாம். இவர் குங்குமம் தோய்ந்த விரலுடன் எஞ்சினுக்குள் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. அந்த முதுகை எனக்குத் தெரியும். எதையோ வாசிக்கிற முதுகு அது.

இவர் என்றால் என் கணவர் குலேந்திரன். அவருக்கு ஒரு வியாதி. எந்தப் பொருளைக் கண்டாலும் கவிழ்த்துப் பார்த்து, எங்கே செய்தது என்று கண்டுபிடிக்காவிட்டால் நித்திரை வராது. எங்கள் கல்யாணத்தன்று மணவறையில் இருந்த குத்துவிளக்கைச் சரித்து அடியைப் பார்த்தவர் இவர். மாப்பிள்ளை எதையோ தொலைத்துவிட்டார் என்று என் மாமா எழுந்து வந்து தேடினார். சுவிஸில் டாவோஸுக்கு வந்த பிறகும் வியாதி மாறவில்லை. ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவுகிற வேலை. ஒவ்வொரு கோப்பையின் அடியிலும் ஓர் ஊர்ப்பெயர் இருப்பது அவருக்குப் பெரிய சௌகரியமாகப் போயிற்று. நான் அறைகள் துப்புரவாக்கிவிட்டு அலுத்துப் போய் வருவேன். அவர் சீனிக் கிண்ணம் செக்கோஸ்லோவாக்கியா என்பார். நான் என்ன செய்ய, அதற்கு விசா எடுத்துக் கொடுக்கவா?

அது எண்பத்தேழாம் ஆண்டு கார்த்திகை. பனிக்காலத்தில் முற்றத்திலும் வாசல் பாதையிலும் விழுகிற பனியை வழிக்க ஹெர் அம்பூல் ஒரு சின்ன உழவு மிசின் வாங்கியிருந்தார். எங்களூரில் உழுகிற பெரிய மிசினின் பிள்ளை மாதிரி இருந்தது. முன்னால் பனி தள்ளுகிற தகடு, சிவப்புப் பூச்சு, மூடியில் ஒரு சுவிஸ் பெயர், பக்கத்தில் வெள்ளைச் சிலுவை. பக்கத்து ஹோட்டல்காரர் அதற்கு முந்திய வருஷம் செம்மஞ்சள் நிறத்தில் ஒன்று வாங்கியிருந்தார். அது யப்பான் மிசின். கோடை முழுவதும் அம்பூல் அதைச் சொல்லிச் சொல்லி அந்த மனிதரைப் பகிடி பண்ணினார். யப்பான்காரன் விளையாட்டுச் சாமான் செய்வான், மலையில் ஓடுகிற சாமானை மலையில் பிறந்தவன்தான் செய்ய வேண்டும் என்பார். இந்தக் கதை முழுவதும் இவருக்குத் தெரியும். சமையலறையில் தெரியாதவர்களே இல்லை.

எங்களுக்கு அம்பூல் முக்கியம். அதுவும் அந்தக் கிழமை, கடவுளுக்கு அடுத்தபடி முக்கியம். தலைநகர் பேர்ணிலிருந்து அகதி விண்ணப்பம் நிராகரிப்பு என்று வந்துவிட்டது. மேன்முறையீடு போட்டிருந்தோம், ஆனால் அதை நம்பி யாரும் மூச்சுவிடவில்லை. அம்பூல்தான், நீங்கள் போனால் எனக்கு யார் வேலை செய்வது, திங்கட்கிழமை நானே கூர் பட்டணத்துக்குப் போய் வெளிநாட்டார் பொலிஸ் அதிகாரியோடு கதைக்கிறேன், அவன் என்னோடு பட்டாளத்தில் இருந்தவன் என்று சொல்லியிருந்தார். மிசின் வந்தது வெள்ளிக்கிழமை. இடையில் இரண்டு நாட்கள் என் கணவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

இவர் நிமிர்ந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், பழைய சிநேகிதனைக் கண்டதுபோல.

"ஷெஃப்," என்று முதலாளியைக் கூப்பிட்டார் தன்னுடைய சமையலறை ஜெர்மனில், எல்லாருக்கும் கேட்க. "மோட்டோர் யப்பான். நிக்ஸ் சுவிஸ். யப்பான்."

நான் அவருடைய கோட்டை இழுத்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டு, விரலால் எஞ்சினின் வார்ப்பில் பொறித்திருந்த அடையாளத்தைத் தொட்டுக் காட்டினார். பக்கத்து ஹோட்டல்காரர் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கிளாசை மிசினின் மேலேயே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இந்த இடத்திலாவது நிறுத்தியிருக்கலாம். ஆனால் இவருக்கு அம்பூலின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும், ஆறுதல் சொல்ல நினைத்தார். பக்கத்து முற்றத்தில் நின்ற செம்மஞ்சள் மிசினைக் காட்டி, இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்து, "ப்ரூடர்," என்றார். இரண்டும் அண்ணன் தம்பி. ஒரே தாய்.

அம்பூலுக்குக் கழுத்திலிருந்து காதுவரை சிவந்தது. மூடியைத் தானே அடித்துச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டார். அவருடைய மனைவி குனிந்து தேசிக்காய்களைப் பொறுக்கி என் கையில் தந்தார்.

எங்களுடைய அறை ஹோட்டலின் கூரைக்குக் கீழே. நிமிர்ந்து நின்று சண்டை பிடிக்க முடியாது, குனிந்துகொண்டுதான் பிடிக்க வேண்டும்.

"உங்களுக்கு என்ன விசரே? அந்த மனுசன் எங்களுக்காகக் கதைக்கப் போறார் எண்டு தெரியும்தானே?"

"நான் பொய் சொல்லேல்லை."

"பொய்யோ உண்மையோ எண்டு ஆர் கேட்டது? பொட்டு வைக்கச் சொன்னா வையுங்கோ. ஏன் உங்களுக்கு உந்த ஆராய்ச்சி?"

"உமக்கு விளங்காது, ஞானம். இதுக்குப் பூச்சும் பேரும்தான் இஞ்சை. எஞ்சின் யப்பானில ஒரு வார்ப்புப் பட்டறை, கியர்ப்பெட்டி அங்கேயே வேற ஒருத்தன். டீசல் பம்ப் யப்பானில செய்யிறது, ஆனா உரிமம் ஜெர்மன்காரன்ர. எல்லாத்தையும் பூட்டி, அமெரிக்காவுக்குப் போறதுக்கு ஒரு நிறம், இஞ்சை வாறதுக்கு ஒரு நிறம். உழவு மிசின் எங்கை செய்தது எண்டு கேக்கக் கூடாது. எந்தத் துண்டு எண்டு கேக்க வேணும்."

எனக்குத் தலைமயிரைப் பிய்த்துக்கொள்ளலாம்போல் இருந்தது. ஒரு எஞ்சினுக்கு இத்தனை நீதி நியாயம் பார்க்கிற மனிதர், தன்னுடைய சொந்த விஷயத்தில் என்ன செய்தார் தெரியுமா? பேர்ணில் விசாரணைக்குப் போனபோது, எங்களை அனுப்பிய ஏஜென்சிக்காரன் பாடமாக்கிக் கொடுத்த கதையைச் சொன்னார். ஆமி வந்தது, பின்பக்கத் தோட்டத்தால் ஓடினேன், கிணற்றுக்குள் இறங்கி விடியும்வரை ஒளித்திருந்தேன், அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இவருக்கு அண்ணனே இல்லை. அந்த ஏஜென்சியால் வந்த எல்லாருக்கும் அதே கிணறுதான். அந்த வருஷம் அதற்குள் இறங்கியவர்கள் எல்லாம் உண்மையாகவே இறங்கியிருந்தால் தண்ணீருக்கு இடம் இருந்திருக்காது. விண்ணப்பதாரர் சொல்வது வேறு பலர் சொன்னதையே ஒத்திருக்கிறது, நம்பத்தக்கதல்ல என்று பேர்ண் எழுதியது. பேர்ண் சொன்னதில் என்ன பிழை? நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

இத்தனைக்கும் இவருக்குச் சொந்தமாக ஒரு கதை இருந்தது. ஊரில் எங்கள் சந்தியில் பத்மநாதன் அண்ணையின் கடையில், தண்ணீர் பம்புகளும் உழவு மிசின்களும் விற்கிற இடத்தில், எட்டு வருஷம் வேலை செய்தவர். எண்பத்துநாலில் ஆமி வந்து சந்தியைக் கொளுத்தியபோது அந்தக் கடையும் போயிற்று, பத்மநாதன் அண்ணையும் போய்விட்டார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கேட்டால், "கடை எரிஞ்சது, அண்ணை போயிட்டார்" என்பார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அந்த ஒரே வசனம்தான். அதையாவது பேர்ணில் சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்காத கிழமை இல்லை. கோப்பையைக் கவிழ்த்துப் பார்ப்பார்.

"நாளைக்கு வந்து மன்னிப்புக் கேக்கிறியள்," என்றேன். "நான் ஜெர்மனில சொல்லுவன். நீங்கள் தலையை மட்டும் ஆட்டுங்கோ. பிழையா வாசிச்சுப் போட்டன், மிசின் சுவிஸ்தான் எண்டு சொல்லப்போறன்."

"அது யப்பான்."

"தலையை ஆட்டுங்கோ எண்டன்."

மறுநாள் பின்னேரம், கோப்பை வேலை முடிந்தபிறகு, இவரைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு மிசின் நிற்கிற கொட்டகைக்குப் போனேன். மலையில் இருட்டிக்கொண்டு வந்தது, பனி தூறத் தொடங்கியிருந்தது. அம்பூல் அங்கேதான் நின்றார். மிசினை முற்றத்தில் ஒரு சுற்று ஓட்டிவிட்டுக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார் போலும். மூடி திறந்திருந்தது. கையில் டோர்ச் லைட்டுடன், இவர் நேற்றுக் குனிந்த அதே இடத்தில் அவர் குனிந்திருந்தார். நான் ஆயத்தப்படுத்தி வைத்திருந்த ஜெர்மன் வசனத்தைத் தொடங்குவதற்குள் கையை உயர்த்தினார்.

"விற்றவனுக்கு டெலிபோன் பண்ணினேன்," என்றார். "முதலில் மழுப்பினான். பிறகு ஒத்துக்கொண்டான். இருக்கையை மட்டும் இங்கே பூட்டுகிறார்களாம். இருக்கை." இவரைப் பார்த்தார். கோபம் இருந்தது, ஆனால் நேற்றைய கோபம் இல்லை. "உன் மனிதருக்கு எப்படித் தெரியும்? அதைக் கேள்."

கேட்டேன். இவர் மிசினுக்குக் கிட்டப் போனார். அவருக்கு இந்தக் கேள்வி போதும். பத்மநாதன் அண்ணையின் கடைக்குக் கொழும்பிலிருந்து இந்த எஞ்சின்கள் மரப்பெட்டியில் வரும் என்றார். பெட்டியை உடைத்தால் ஒரு எண்ணெய் மணம் வரும், இங்கேயும் அதே மணம்தான் வருகிறது என்றார். சில்லுப் பூட்டி, பம்ப் பூட்டி, கடைசியில்தான் பெயர் ஒட்டுவது. பெயர்த் தகடு கொழும்பிலிருந்து தனியாக, ஒரு கடித உறையில் வரும். நான் ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தேன். கடித உறை என்றதும் அம்பூலுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு உயிர் வந்தது. அப்பாடா, இதோடு முடிந்தது, இனி நன்றி சொல்லிவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன்.

"அந்தக் கடைக்காரர் உதிரிப்பாகம் அனுப்புவாரா?" என்று அம்பூல் கேட்டார். "இங்கே கேட்டால் கொள்ளை விலை சொல்வான். கடை இன்னும் இருக்கிறதுதானே?"

இதை நான் தமிழில் கேட்டிருக்கக் கூடாது. இல்லை என்று நானே சொல்லி முடித்திருக்கலாம். வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

இவர் எஞ்சினின் வார்ப்பிலே விரலை வைத்தபடி நின்றார். பிறகு என்னைப் பாராமல், அம்பூலையும் பாராமல், எஞ்சினுக்குச் சொல்வதுபோல் சொல்லத் தொடங்கினார்.

"அண்டைக்குப் பெட்டி வந்த நாள். நான் பின்னுக்கு ஸ்டோரில நிண்டன். ஆமி வாற சத்தம் கேட்டு அண்ணை ஷட்டரை இழுத்து விட்டார். மூடியிருந்தாப் போயிடுவாங்கள் எண்டு. அவங்கள் வெளியில கம்பியைக் குடுத்துக் கட்டிப்போட்டாங்கள். பிறகுதான் பத்த வைச்சது."

நான் ஜெர்மனில் சொன்னேன். ஒவ்வொரு வசனமாக நிறுத்தினார், ஒவ்வொரு வசனமாக நான் சொன்னேன். அறை துப்புரவாக்கப் படித்த ஜெர்மன் அது. கதவு, கம்பி, நெருப்பு, எல்லாவற்றுக்கும் சொல் இருந்தது.

"நான் பின் யன்னலை உடைச்சு மதிலால பாய்ஞ்சன். அண்ணைக்கு உடம்பு பெரிசு. யன்னலுக்கால வரேலாது. டீசல் பீப்பா முன்னுக்கு இருந்தது. அவர் கத்தேல்லை. என்ர பேரைத்தான் கூப்பிட்டார். ஏதோ சாமான் எடுத்துத் தா எண்டு கடையில கூப்பிடுற மாதிரி. நான் மதிலுக்கு அங்கால இருந்தனான். போகேல்லை."

அம்பூல் டோர்ச்சை அணைத்துவிட்டார். இந்தக் கடைசிப் பகுதியை நான் மொழிபெயர்க்கவில்லை. மூன்று வருஷமாக உள்ளே கிடந்த கோபம் எல்லாம் அந்த இடத்தில்தான் எனக்கு வந்தது, இவர்மேல் அல்ல, யார்மேல் என்றும் தெரியவில்லை.

"இதை ஏன் பேர்ணில சொல்லேல்லை நீங்கள்?" என்றேன். "ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"மற்றவன்ர கதை எண்டா நடுங்காமச் சொல்லலாம்," என்றார்.

"என்ன சொல்கிறார்?" என்று அம்பூல் கேட்டார். சொன்னேன். யன்னலையும் மதிலையும் சொன்னேன், கிணற்றையும் சொன்னேன், இந்தக் கடைசி வசனத்தையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"திங்கட்கிழமை நான் தனியாகப் போய் ஒரு பிரயோசனமும் இல்லை," என்றார். "நல்ல வேலைக்காரன் என்றுதான் நான் சொல்லலாம். இதை நான் சொல்ல முடியாது. அவர் வர வேண்டும். இப்போது சொன்னதுபோல, அந்த அதிகாரியின் மேசைக்கு முன்னால் இருந்து சொல்ல வேண்டும். முடியுமா என்று கேள்."

கேட்டேன். இவர் சட்டைக் கையால் எஞ்சினின் மேலிருந்த தூசியைத் துடைத்தார். எனக்குப் பழையபடி எரிச்சல் வரப் பார்த்தது. துடைத்த இடத்தையே அவர் திரும்பத் திரும்பத் துடைப்பதைக் கண்டு, இரண்டாம் தரம் கேட்காமல் விட்டேன்.

காற்று திரும்பி, பனி கொட்டகைக்குள் அடிக்கத் தொடங்கியது. அம்பூல் போய்க் கொட்டகையின் இரும்பு ஷட்டரைப் பிடித்து இழுத்தார். அது கடகடவென்று பாதிவரை வந்தது. இவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். அம்பூல் இவரைப் பார்த்தார், ஷட்டரைப் பார்த்தார். பிறகு அதை இரண்டு கையாலும் மெல்ல, சத்தம் வராமல், மேலே தள்ளிவிட்டார்.

"மூடச் சொல்லும்," என்றார் இவர் என்னிடம். "பனி மிசினில படுது."

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. மூவரும் அப்படியே நின்றோம். பனி தாராளமாக உள்ளே வந்தது. எஞ்சின் இன்னும் சூடாக இருந்தது, விழுந்த பனி விழுந்த இடத்திலேயே தண்ணீராகிக்கொண்டிருந்தது.