ஏற்றத்தில் நடுங்கிய கார்

இன்றைக்குக் கண்ணாடி அதிரவில்லை. ஏன் அதிரவில்லை?

செரீபா தஸ்பீஹ் மணியை உருட்டுவதை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். திரை போட்டிருந்தது. திரைக்கு அப்பால் கந்தப்பளைக் கடைத்தெரு. அவள் வீட்டு வாசலிலேயே ஏற்றம் தொடங்கிவிடும். அதில் அவளுடைய கார் வேகமெடுக்கும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி சட்டத்துக்குள் படபடக்கும். நேற்றும் அப்படித்தான். இன்று கார் ஒரு முனகல்கூட இல்லாமல் ஏறிப் போயிருந்தது.

கணவன் நஸார் மௌத்தாகி, கணவனை இழந்தவள் இருக்க வேண்டிய நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் அவள் இருந்தாள். இத்தா முடியும்வரை வெளியே போகவோ, அந்நிய ஆண்கள் கண்ணில் படவோ கூடாது. வாடகைக்கு ஓடும் அந்தக் காரை நஸார் அவள் பெயரில்தான் வாங்கியிருந்தார். இப்போது டிரைவர் அழகுமுத்து ஓட்டினான். ஆனால் வேகமெடுத்தால் நடுங்குகிற கார் என்று ஊர் முழுக்கப் பேர் கெட்டுவிட்டது. கலியாணத்துக்குப் போன ஒரு கூட்டம் பாதி வழியில் இறங்கி பஸ் பிடித்ததாம். கம்பளையிலிருந்து வந்த அண்ணன், ஹுசைன் நானா, முடிவே செய்துவிட்டார். இத்தா முடிந்ததும் காரை விற்றுவிட்டுத் தங்கச்சியைத் தன் வீட்டோடு கூட்டிப்போய்விடுவது. அந்த வீட்டை அவளுக்குத் தெரியும். அங்கே ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் ஊற்றிக்கொள்வதற்கும் மதினியின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

கராஜ்காரர் இராமையா தன்னால் ஆனதெல்லாம் செய்து பார்த்திருந்தார். டயரை மாற்றினார். சக்கரங்களைக் கழற்றிப் பூட்டினார். என்ஜினைத் தாங்கும் ரப்பரைப் புதிதாக வைத்தார். காலை அழுத்தினால் ஆடுகிறது, எடுத்தால் அடங்கிவிடுகிறது என்று சொல்லிவிட்டுக் கைவிரித்தார்.

இத்தாவில் இருப்பவளுக்குக் காது மட்டுந்தான் வெளியே போய்வர முடிந்தது. அவள் அதை அனுப்பினாள். கண்ணாடி பேசாதிருந்த நாட்களில் கார் எதற்காகப் போனது என்று மாலையில் திரைக்குள்ளிருந்தே அழகுமுத்துவிடம் கேட்டாள். மரக்கறிதான், லீக்ஸ் மூட்டை, என்றான். அடுத்த முறையும் லீக்ஸ் மூட்டைதான், கூடவே உருளைக்கிழங்கு. ஆட்கள் மட்டும் ஏறிய நாட்களில் கண்ணாடி ஒருநாளும் சும்மா இருந்ததில்லை.

அப்போதுதான் நஸார் சிரித்துக்கொண்டு வந்து நின்ற அந்தச் சாயங்காலம் அவள் மனதில் ஏறியது. கந்தப்பளையில் கார் வைத்திருப்பவர்களுக்கு மரக்கறி மூட்டையை விட மனம் வராது. நஸாருக்கும் வரவில்லை. லொறிக்குப் போடும் ஸ்பிரிங் பட்டைகளைக் காருக்குப் பின்னால் சேர்த்துப் போட்டுவிட்டு, இனி எத்தனை மூட்டையும் ஏற்றலாம் என்றார். கார் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. சில வாரங்களில் கார் நடுங்குகிறது, டயர் சரியில்லை என்று முணுமுணுக்கத் தொடங்கினார். அவரும் இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை. அவளும் யோசிக்கவில்லை.

இதை எப்படிச் சொல்வது? வருகிறவர்கள் எல்லாரும் மௌத்தானவரின் நல்லதையே பேசிவிட்டுப் போகிற நாட்கள். பெண்சாதியே அவர் தப்புச் செய்தார் என்பதா? அன்று முழுவதும் உள்ளே கோபம் கோபமாக வந்தது. மூட்டை, மூட்டை என்று அலைந்தீர்களே என்று அவரோடு சண்டை பிடித்தாள். உயிரோடு இருந்தால் அவரும் பதிலுக்குக் கத்திவிட்டு, பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக் காருக்கடியில் படுத்துப் பார்த்திருப்பார். அப்படி நினைத்தபோது, அவர் போன பிறகு முதல் தடவையாக, அவருக்குப் பக்கத்தில் இருப்பதுபோல் இருந்தது.

மறுநாள் இராமையாவை வரச் சொன்னாள். திரைக்குள் நின்றபடியே அழகுமுத்துவை வெறுங்காரோடு ஏற்றத்தில் வேகமாகப் போகச் சொன்னாள். கண்ணாடி படபடத்தது. பிறகு பக்கத்துக் கடையிலிருந்து அரிசி மூட்டைகளை வாங்கிப் பின்சீட்டில் அடுக்கச் சொன்னாள்.

"மூட்டைக்கு ஹயர் காசு யாரும்மா குடுப்பா?" என்றான் அழகுமுத்து.

"போய்ட்டு வாங்க, பேசிக்கலாம்."

கார் ஏறியது. செரீபா உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்திருந்தாள். அது குளிர்ந்து, அசையாமல் இருந்தது.

கார் திரும்பி வந்ததும், பின்ஸ்பிரிங்கைப் பாருங்கள் என்றாள். இராமையா மூட்டைகளை இறக்கச் சொல்லிவிட்டுக் காருக்கடியில் போனார். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். பிறகு அடியிலிருந்தே சிரித்தார்.

"பின்பக்கம் ஒசந்து நிக்குதும்மா. அதனால என்ஜின்லேருந்து பின்சக்கரத்துக்குப் போற சாப்ட்டு கோணிக்கிட்டுச் சுத்துது. பாரம் ஏறுனா நேராயிருது. நான் சக்கரத்தையே பாத்துக்கிட்டிருந்திட்டேன். யாரு இந்தப் பட்டையப் போட்டது?"

அவளுக்குத் திண்டாட்டமாகத்தான் இருந்தது. ஹுசைன் வேறு உள்ளே உட்கார்ந்திருந்தார்.

"அவருதான் போட்டாரு" என்றாள் செரீபா. "கழட்டிருங்க."

மௌத்தானவர் ஆசையாகச் செய்ததைப் பிரிப்பதா என்று ஹுசைன் முகத்தைச் சுளித்தார். இனி மூட்டை ஏற்ற முடியாதே என்று மரக்கறி வியாபாரிகள் சொல்லி அனுப்பினார்கள். மூட்டைக்கு லொறி இருக்கிறது என்று அவள் பதில் சொல்லி அனுப்பினாள். பட்டைகள் கழன்றன. கார் தாழ்ந்து, தன் நிலைக்கு வந்து நின்றது. மறு கிழமையே ஒரு கலியாணக் கூட்டம் அக்கரப்பத்தனை வரை போய் வந்தது. மணப்பெண் வழியெல்லாம் தூங்கினாளாம். அழகுமுத்து அதைக் கடைத்தெருவில் ஒரு கடை விடாமல் சொன்னான். அதற்குப் பிறகு கார் வாசலில் நிற்க நேரமே இல்லை.

இத்தா முடிந்த காலையில் செரீபா குளித்து, இத்தாவில் உடுத்திய வெள்ளையை மாற்றி, பின்சீட்டில் ஏறினாள். ஹுசைன் முன்னால் உட்கார்ந்தார். அழகுமுத்து ஏற்றத்தில் காலை அழுத்தினான். அவள் மடியில் வைத்திருந்த கைகள் அப்படியே இருந்தன. சீட் நடுங்கவில்லை, கதவு நடுங்கவில்லை. மேலே பனி விலகி, தேயிலை மலை முழுதும் வெயில் விழுந்திருந்தது. சிரிப்பு வந்தது. அதை முக்காட்டுக்குள் மறைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

உச்சியில் ஹுசைன் காரை நிறுத்தச் சொல்லித் திரும்பினார். அவர் முகத்திலும் மகிழ்ச்சிதான்.

"விக்கிறதுக்கு இதுதான் நேரம் தங்கச்சி. கம்பளைல ஒருத்தர் காத்துக்கிட்டு இருக்காரு. நீ ஒரு சொல்லுச் சொன்னாப் போதும்."

"வேணாம் நானா" என்றாள்.

காதில் சரியாக விழாததுபோல் அவர் மறுபடி கேட்டார். அவளும் குரலை உயர்த்தாமல் அதையே மறுபடி சொன்னாள்.