அளந்து பார்த்த ஐம்பத்தேழு பாகை

1.
இது நான் யோசித்து எழுதிய கதை இல்லை. திருடியது. தேக்கா சந்தையில் பிரியாணித் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசையில் ஓர் அம்மாவும் மகளும் ஒரு கோணத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எழுத்தாளன் காது சும்மா இருக்குமா?

2.
முதல் தொடக்கம்: ‘இரு கோடுகள் வெட்டிக்கொண்டால் எதிரெதிர்க் கோணங்கள் சமம், கணவனும் மனைவியும்கூட அப்படித்தான், அருகருகே…’

(கண்றாவி. அடித்துவிட்டேன். கணவனை இந்தக் கதைக்குள் விடுவதாகவே இல்லை.)

3.
அம்மாவுக்கு வைதேகி என்று பெயர் வைக்கிறேன். விருதுநகரில் படித்தவர், கடல் கடந்து வந்து இங்கே மென்பொருள் வேலை, மார்சிலிங் பேட்டையில் வீடு. மகள் ரக்ஷனா, தொடக்கநிலை ஆறு, அதாவது ஆறாம் வகுப்பு. பள்ளி நெட்பால் அணியில் ஆடுகிறாள், கூடைப்பந்து மாதிரி ஓர் ஆட்டம். சனிக்கிழமை இறுதி ஆட்டம்.

கணக்குத் தேர்வில் ஒரு படம். இரண்டு நேர்க்கோடுகள் வெட்டுகின்றன. ஒரு கோணம் 128 பாகை, அதை ஒட்டிய கோணம் எவ்வளவு? நேர்க்கோட்டின் மேல் இரண்டும் சேர்ந்து 180. ரக்ஷனா 52 என்று சரியாகத்தான் எழுதினாள். பிறகு கோணமானியை வைத்து அளந்தாள். 57 வந்தது. 52-ஐ அழித்துவிட்டு 57 என்று எழுதினாள். பக்கம் முழுக்க இதே கூத்து.

(இங்கே தேர்வுப் படங்களைச் சரியான அளவில் வரையமாட்டார்கள். அதைப் படத்துக்கு அடியிலேயே அச்சடித்தும் வைப்பார்கள். யார் படிக்கிறார்கள்?)

ஏன் அளந்தாள்? வைதேகி படித்த பள்ளியில் ஜியோமெட்ரி பாக்ஸ்தான் சாமி. வரை, அள, சரிபார். மகளுக்கும் அதையே தினம் ஓதியிருக்கிறார்.

4.
மதிப்பெண்ணைப் பார்த்ததும் வைதேகி நெட்பால் பயிற்றுநருக்கு ஃபோனில் செய்தி தட்டினார், இனி ரக்ஷனா ஆட வரமாட்டாள் என்று. கவனமெல்லாம் பந்துமேல் இருந்தால் கணக்கு எப்படி வரும் என்று திட்டினார்.

ரக்ஷனா தாளை அவர் பக்கம் தள்ளினாள்.

“நெட்பால் இல்லமா. நீங்கதான் அளந்து செக் பண்ணச் சொன்னீங்க. நான் ஃபர்ஸ்ட் போட்ட ஆன்ஸர் கரெக்ட்தான்.”

அழித்த இடத்தில் 52 மங்கலாகத் தெரிந்தது. எனக்குப் பாவமாக இருந்தது.

5.
முடிவு அ: தாய் மகளைக் கட்டிக்கொண்டு அழுகிறார், பின்னணியில் வீணை. வேண்டாம்.

முடிவு ஆ: பல ஆண்டுகளுக்குப் பிறகு கணிதப் பேராசிரியை ரக்ஷனா மேடையேறி… (கை கூசுகிறது.)

நடந்தது இவ்வளவுதான். வைதேகி தாளைப் பார்த்தார், ஃபோனைப் பார்த்தார். தட்டிய செய்தியை இன்னும் அனுப்பவில்லை. அதற்குள் என் மேசைக்கு ஒருவர் இடம் தேடித் தட்டோடு வந்து நின்றுவிட்டார், நான் எழுந்துகொண்டேன்.

ஆகவே ஃபோனை உங்களிடம் தருகிறேன். பெண் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். தப்பு என்னுடையது என்று அவளிடம் சொல்லலாம். அல்லது செய்தியை அனுப்பிவிடலாம், அதுதான் சுலபம். நானாக இருந்தால் அனுப்பியிருப்பேன். அதனால்தான் உங்களைக் கேட்கிறேன்.