வடம் பிடித்தவர்கள்

எங்கள் ஆய்வு நிலையத்தின் மாடித் தாழ்வாரத்தில் தேர் ஓடிக்கொண்டிருக்கிறது. தேர் நகர நகரத் தாழ்வாரமும் நீளும். அதற்கென்று கொத்தனார்கள் இருக்கிறார்கள்.

மனிதர்கள் ஏன் ஒன்றுசேர்ந்து இழுக்கிறார்கள் என்பதுதான் ஆய்வு. இயற்பியல் துறையும் சமயத் துறையும் சேர்ந்து நடத்துகின்றன. நான் இரண்டுக்கும் பொதுவான ஆய்வாளன்.

வடம் பிடித்த எல்லோர் மணிக்கட்டிலும் ஒரு கருவி கட்டினோம். யார் எவ்வளவு இழுக்கிறார்கள் என்று அது காட்டும். எல்லாக் கருவிகளும் பூஜ்யம் காட்டின. தேர் ஓடியது.

என் மனைவி செண்பகம் ஆட்கள் குறைகிறார்களே என்று உதவிக்கு வந்தவள். பிறகு வீடு திரும்பவில்லை.

நான் அவள் பக்கத்திலேயே நடந்தேன்.

"வீட்டுக்கு வா. பாப்பா சாப்பிட மாட்டேங்கறா."

"நான் விட்டா தேர் நின்னுடும்."

"உன் கையில பூஜ்யம் காட்டுது. நீ இழுக்கவே இல்ல."

"தெரியும். மெல்லப் பேசுங்க. காதர் பாய்க்குக் கேட்டுடும். பாவம், அவர்தான் மொத்தப் பாரத்தையும் இழுக்கறாரு."

அவளுக்கு அடுத்து வடம் பிடித்து நடந்த காதர் பாய் என்னைக் கண்ணால் அழைத்தார்.

"அம்மாவைக் கூட்டிட்டுப் போயிடாதீங்க சார். என் கையில வலுவே இல்ல. அவங்க தயவுலதான் நானும் நிக்கறேன்."

துறைத் தலைவர்கள் டொமினிக்கும் இளவேனிலும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"கருவியில் பழுதில்லை" என்றார் டொமினிக்.

"பக்தியிலும் பழுதில்லை" என்றார் இளவேனில்.

"அப்படியானால் இழுப்பது யார்?" என்று கேட்டேன்.

"எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகும் ஓடுகிறதா என்று பார்க்கலாம்" என்றார் டொமினிக்.

"தேர் சரிந்தால்?"

"அதுவும் ஒரு முடிவுதான்" என்றார்கள் இருவரும்.

ஒலிபெருக்கியை எடுத்தேன். செண்பகம் சக்கரத்துக்கு மிக அருகில் இருந்தாள். ஆனாலும் சொன்னேன். உங்களில் ஒருவரும் இழுக்கவில்லை என்றேன்.

தேர் நின்றது. எல்லோரும் தங்கள் கைகளைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"அப்ப நீங்கதானா?" என்றாள் செண்பகம்.

"நான் இல்லை."

"கூடவே நடந்தாரே" என்றார் காதர் பாய். "தான்தான் இழுக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லல பாருங்க."

அவர்கள் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் பார்த்ததில்லை. ஒவ்வொருவராக வடத்தை விட்டார்கள். சிலர் என் காலைத் தொட்டார்கள். நான் இல்லை என்று சொல்லச் சொல்ல, என் அடக்கத்தைப் புகழ்ந்தார்கள்.

செண்பகம் வடத்தின் நுனியை என் கையில் கொடுத்தாள்.

"குழம்பு சூடு பண்ணி வெக்கட்டுமா?"

"வை."

அவள் படியிறங்கிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னால் சக்கரங்கள் முனகின. தேர் நகரத் தொடங்கியது. நான் நின்றால் என் மேல் ஏறிவிடும். நடந்தேன். கொத்தனார்கள் அவசரமாக ஒதுங்கி வழிவிட்டார்கள். முன்னால் தரையில் சிமெண்ட் இன்னும் காயவில்லை. அதில் கால் வைத்தேன்.