ஒச்சப்பனுக்குப் பின்னால் ஆறு வேன்கள்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் இருந்த அந்தப் பார்சல் கம்பெனிக்கு ஏழு வேன்கள். காலையில் ஒன்றாகக் கிளம்பும் ஏழில் எது முதலில் திரும்பும் என்று கேட்டால், மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளிகள்கூட யோசிக்காமல் சங்கிலிப்பாண்டியின் பெயரைச் சொல்வார்கள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். கல்யாணம் ஆகாத இளவட்டம். மிளகு லாரிகளும் கைவண்டிகளும் அடைத்துக் கிடக்கும் தெருவில் கொஞ்சம் இடைவெளி தெரிந்தால் போதும், வேனை நுழைத்துவிடுவான். மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறிப் பார்சலைக் கொடுத்துவிட்டு அதே வேகத்தில் இறங்குவான். அதில் அவனுக்கு ஏகப் பெருமை.

எழுபத்தெட்டாம் வருஷம் மழை தொடங்கிய சமயம், மானேஜர் அனந்தநாராயணன் ஆபீஸ் சுவரில் ஒரு கரும்பலகையை மாட்டினார். கலூருக்கு இவ்வளவு நேரம், இடப்பள்ளிக்கு இவ்வளவு நேரம் என்று ஒவ்வொரு ரூட்டுக்கும் எழுதியிருந்தது. எல்லாம் சங்கிலிப்பாண்டி ஓட்டிய நேரங்கள். அவனை எல்லா ரூட்டிலும் மாற்றி மாற்றி அனுப்பிக் குறித்து வைத்திருந்தார்கள். எதற்கென்று அவர்கள் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

"இனிமே இதாக்கும் கம்பெனி நேரம். பிந்தினா மெமோ. மெமோ சேர்ந்துதோ, வேலை கிடையாது" என்றார் மானேஜர்.

அன்றிலிருந்து டிரைவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு இல்லாமல் போயிற்று. முகமது இஸ்மாயில் ஒரு கையில் ஸ்டியரிங்கும் மறுகையில் சாயாவுமாக ஓட்டினார். எல்லாரிலும் மூத்தவர் ஒச்சப்பன். ஐம்பதைத் தாண்டியவர், முழங்கால் வலிக்காரர். எவ்வளவு விரட்டினாலும் அவருடைய வண்டி பிந்தியே வந்தது. ஒருநாள் நேரத்தைப் பிடிக்கிற அவசரத்தில், கொட்டும் மழையில் தோப்பும்படிப் பாலத்து இறக்கத்தில் வேன் வழுக்கிச் சுவரில் மோதியது. கையில் கட்டோடு அவர் வேலைக்குத் திரும்பியபோது மானேஜர் சொன்னது ஒன்றுதான்: இன்னொரு தடவை பிந்தினால் வரவே வேண்டாம்.

மறுநாள் காலை சாயாக்கடையில் நின்றிருந்த சங்கிலிப்பாண்டிக்கு எதிரே வந்து நின்றாள் ஒச்சப்பனின் மனைவி மாயம்மாள்.

"நல்லா ஓட்டுறியாமே தம்பி. உன் ஓட்டத்தைத்தான் எங்க வீட்டுக்காரரு கழுத்துல கட்டி விட்டிருக்காங்க. அந்த மனுஷன் உன் காலுக்கு எங்க போவாரு?"

அவள் சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு. சாயாவை அப்படியே வைத்துவிட்டு நேரே மானேஜரிடம் போனான்.

"சார், பலகையில இருக்கிறது என்னோட நேரம். அதை அழிச்சிருங்க."

"நோக்கு என்னடா கஷ்டம் அதில?" அனந்தநாராயணன் குரலைத் தாழ்த்தினார். "உன்னை சூப்பர்வைசராப் போடணும்னு ஹெட் ஆபீஸ்ல சொல்லியிருக்கா. ஓணம் கழிஞ்சா நீ வண்டியே தொட வேண்டாம். பேசாம இரு."

நாற்காலி, மின்விசிறி, நனையாத சட்டை. ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது.

"அந்த நாற்காலில உக்காந்து ஒச்சப்பண்ணனுக்கு நானே மெமோ எழுதணுமா சார்?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தான்.

மற்ற ஐந்து டிரைவர்களிடமும் பேசினான். இஸ்மாயில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "குழி வெட்டினது நீ. இப்ப எங்களையும் சேர்ந்து அதுக்குள்ள சாடச் சொல்றியா?"

"ஆமா இக்கா. நான் தெரியாம வெட்டினது. நான் ஒருத்தன் மட்டும் நின்னா மூட முடியாது."

இஸ்மாயில் கிடங்கில் குவிந்திருந்த மூட்டைகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஓணத்துக்கு முந்தின வாரம். சரக்கு மலை மாதிரி கிடக்கு. நல்ல சமயம்தான்" என்றார்.

திங்கட்கிழமை ஒச்சப்பன் கிளம்பியபோது பின்னாலேயே சங்கிலிப்பாண்டி கிளம்பினான். அவனுக்குப் பின்னால் இஸ்மாயில், அதற்குப் பின்னால் மற்றவர்கள். ஒருவரும் முந்தவில்லை. பாலத்தின் மேல் கண்ணாடியில் அதைப் பார்த்த ஒச்சப்பன் வண்டியை ஓரங்கட்டி இறங்கினார்.

"ஏண்டா, தாண்டிப் போங்கடா! உங்களுக்கும் மெமோ குடுப்பானுங்க."

"நீங்க போங்கண்ணே" என்றான் சங்கிலிப்பாண்டி. "இனி நீங்கதான் முன்னால."

ஒச்சப்பன் கட்டுப்போட்ட கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினார். எர்ணாகுளத்தில் அவரவர் ரூட்டில் பிரிந்து, ஓடாமல் நடந்து பார்சல்களைக் கொடுத்தார்கள். உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வெண்டுருத்திப் பாலத்தடியில் ஒச்சப்பனுக்காகக் காத்திருந்து, மறுபடி அவர் பின்னால் வரிசையாகத் திரும்பினார்கள்.

வாசலில் நின்றிருந்த மானேஜர், "ஒச்சப்பன், நீ லேட்டு" என்றார்.

"நானும் லேட்டு சார்" என்றான் சங்கிலிப்பாண்டி.

"ஞானும்" என்றார் இஸ்மாயில். மற்ற நால்வரும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அனந்தநாராயணன் ஏழு முகங்களையும் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

செவ்வாயும் அப்படியே. புதன்கிழமைக்குள் கிடங்கு கூரைவரை நிரம்பிவிட்டது. ஹெட் ஆபீஸ் போனில் கத்தியது. மானேஜரும், அவர் வாழ்க்கையிலேயே முதல்முறையாக, திருப்பிக் கத்தினார்: "ஏழு பேரையும் வேலையிலேர்ந்து பிரிச்சுவிட்டா ஓணத்துக்கு யார் வண்டியோட்டுவா? நீங்க வரேளா?"

வியாழக்கிழமை காலை அவரே பலகையைத் துடைத்தார். டிரைவர்களைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்து, ஒவ்வொரு ரூட்டுக்கும் கேட்டுக் கேட்டு எழுதினார். மழைக்கு நேரம், மாடிப்படிக்கு நேரம், சாப்பாட்டுக்கு நேரம். சங்கிலிப்பாண்டி தன் ரூட்டுக்கும் ஒச்சப்பன் சொன்ன கணக்கையே போடச் சொன்னான். ஒச்சப்பனின் மெமோக்களைக் கிழித்துக் கூடையில் போட்ட பிறகு, "போதுமாடா?" என்றார் மானேஜர். அவர் முகத்திலும் ஒரு நிம்மதி தெரிந்தது.

ஏழு வேன்களும் ஒரே சமயத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு தெருவில் இறங்கின. லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்த சுமட்டுத் தொழிலாளிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஜயிச்சோடா பாண்டி?" என்று ஒருவர் கூவினார்.

"ஜயிச்சு சேட்டா!" முன்வண்டியிலிருந்து பதில் சொன்னது ஒச்சப்பனின் குரல். தெருவே சிரித்துக் கை தட்டியது. மூட்டைகளை ஓரமாக நகர்த்தி அவர்கள் வழிவிட, வேன்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின.