வேதவல்லி கொடுத்த துரும்பு

1

இந்தக் கதை எனக்குக் காது வழியாக வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

1938-ம் வருஷம், சித்திரைத் திருவிழாச் சமயம். மதுரையில் வைகை மணலில் ஒரு டூரிங் கொட்டகை போட்டிருந்தார்கள். ஊருக்குள் பேசும் படங்கள் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. இந்தக் கொட்டகைக்காரன் மட்டும் பழைய ஊமைப் படம் ஒன்றைக் குறைந்த டிக்கெட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். அதற்கும் கூட்டம் வருகிறதாமே, போய்ப் பார்த்துப் பத்து வரி எழுதி வா என்று என்னைப் பத்திரிகை ஆபீசில் அனுப்பினார்கள்.

ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே ஓலைத் தட்டி. நான் அதை ஒட்டி உட்கார்ந்தேன். தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு தாயும் மகளும். அவர்கள் பேசியதெல்லாம் கேட்டது; முகம் தெரியவில்லை. ஆகவே இதில் வரும் பேச்சு பெரும்பாலும் அவர்களுடையது. பெயர்களும் முகங்களும், அவர்கள் சொல்லாமல் விட்ட இடங்களும் என் கற்பனை.

பத்து வரியை அன்றைக்கே கொடுத்துவிட்டேன். அதில் இவர்கள் இல்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"சித்திரை நிலவொளியில் வைகை, வெள்ளியை உருக்கி வார்த்தாற்போல—"

வேண்டாம். சித்திரையில் வைகையில் தண்ணீர் ஏது? இருந்தது மணலும் கடலைத் தோலும்.

அடுத்தது:

"அன்னக்கொடி புருஷனை விட்டு வந்தவள்."

பொய்யில்லை. ஆனால் இந்த வரியைப் படிப்பவர் தீர்ப்பை எழுதிவிட்டுத்தான் அடுத்த வரிக்கு வருவார். [அவள் குடியிருந்த மில் தொழிலாளர் லயன் வீடுகளில் எல்லாரும் அவள் மகளிடம் சொல்லிவந்ததும் இதே வாக்கியம்தான்.]

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்:

அன்னக்கொடிக்கு உலகத்தில் ஒரே ஒரு சினிமாதான் பிடிக்கும்.

3

அவள் அதை உசிலம்பட்டிச் சந்தைக்குப் பக்கத்தில் போட்டிருந்த கொட்டகையில் பார்த்தாள். மடியில் பால்குடி மறக்காத தங்கப்பொண்ணு. அவள் புருஷன் விருமாண்டி அடித்து விரட்டுவதும், ஊர்ப் பெரியவர்கள் சமாதானம் பேசித் திருப்பி அனுப்புவதுமாக இருந்த காலம்.

படத்தில் நடுநடுவே எழுத்து வரும். படிக்கத் தெரிந்தவர் குறைவு. அதனால் திரைக்குப் பக்கத்தில் ஒருவன் கையில் குச்சியோடு நின்று, கதையைக் கத்திச் சொல்வான். அன்னக்கொடி படம் பார்த்தாள் என்பதைவிட அவனைக் கேட்டாள் என்பதே சரி. கதாநாயகியை அவன் பேச்சி என்றான். புருஷனால் துரத்தப்பட்ட பேச்சி, கடைசியில் அவன் வாசலுக்கு வருகிறாள். அவன் காலடியில் குனிகிறாள். கதைசொல்லி குச்சியால் அவள் கையைக் காட்டிக் கத்தினான்: "துரும்பை எடுத்துட்டா! கிள்ளிப் போட்டுட்டா! தீந்துச்சு உறவு!"*

[* அந்தப் பக்கத்தில் பெரியவர்கள் முன்னால் புருஷன் பெண்டாட்டியிடம் ஒரு துரும்பைக் கொடுத்தால் கல்யாணம் அற்றுப்போகும். கொடுப்பது ஆண்பிள்ளை. அதைப் பெண்ணின் கையில் கொண்டுபோய் வைத்தது அந்தக் கதைசொல்லியின் வேலை.]

அடுத்த தடவை பெரியவர்கள் கூடியபோது அன்னக்கொடி துரும்பைக் கிள்ளி விருமாண்டி முன்னால் போட்டாள்.

"பொம்பளை துரும்பு குடுத்து எங்கயாச்சும் உண்டா?" என்று கேட்டார்கள்.

"உண்டு. சந்தைக் கொட்டகையில குடுத்தா. நீங்களும்தான பாத்தீக?"

பார்த்திருந்தார்கள்.

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு வந்து மில்லில் சேர்ந்தாள். மகளுக்குப் பேன் பார்க்கும்போதெல்லாம் பேச்சி கதையைச் சொன்னாள். தன் கதையை மட்டும் சொல்லவில்லை. அது அவளுக்குச் சொல்ல வராது.

4

இனி நான் கேட்டது.

அதே படம்தான், ஆனால் வைகைக் கொட்டகையில் கதைசொல்லி கிடையாது. அந்தக் கூலி மிச்சம் என்று கொட்டகைக்காரன் நிறுத்திவிட்டான். பள்ளிக்கூடத்தில் படிக்கும் தங்கப்பொண்ணு எழுத்துக் கூட்டி அம்மாவுக்குப் படித்துச் சொன்னாள்.

"ஆத்தா, அவ பேரு பேச்சி இல்லயாம். வேதவல்லின்னு போட்டிருக்கு."

"ரெண்டு பேரு இருக்கும்டி."

"அந்தக் கிழவி மாமியா இல்ல. சித்தியாம்."

"மாமியா செய்ற வேலையத்தான செய்றா? பேசாமப் பாரு."

பக்கத்திலிருந்த ஒரு பெண் [முருகம்மாள் என்று வைத்துக்கொள்வோம்] குறுக்கே விழுந்தாள். "ஏத்தா, ஆத்தாளும் மகளும் குசுகுசுன்னா எங்களுக்கு எப்படி வெளங்கும்? சத்தமாப் படி, புண்ணியமாப் போகும்."

அப்புறம் தங்கப்பொண்ணு எல்லாருக்குமாகப் படித்தாள். புருஷன் வக்கீல் என்று படித்ததும், "வக்கீலுக்கு எதுக்குடி இம்புட்டு மீசை? கேஸு குடுக்காதவன மிரட்டவா?" என்றாள் முருகம்மாள். தட்டிக்கு இந்தப் பக்கமும் சிரித்தார்கள்.

ரீல் மாற்ற விளக்குப் போட்டபோது சிறுமி கேட்டாள்: "ஆத்தா, வெள்ளிக்கிழமை சித்தப்பா அய்யா வீட்டுக்குக் கூப்பிட வந்தா நான் என்னத்தச் சொல்ல?"

"நான் சொல்லிக் குடுக்க மாட்டேன்."

"அய்யா என்னய நல்லா வச்சுக்கிருவாராம். நீதான் ரோசத்துல ஓடியாந்துட்டயாம். சித்தப்பா போன தடவ வந்தப்ப சொன்னாரு."

அன்னக்கொடி சொன்னாள்: "இந்தா பாரு தாயி. எனக்கு எடுத்துச் சொல்ல வராது. கடைசியில பேச்சி என்ன செய்றான்னு நீயே பாரு. அதுதான் நான் செஞ்சது. பாத்துட்டு, அப்பங்கிட்டப் போறேன்னா போ. மறிக்க மாட்டேன்."

[பத்து வயதுப் பிள்ளையிடம் ஒரு தாய் இப்படி முடிவைக் கொடுப்பாளா என்று கையெழுத்துப் பிரதியைப் படித்த நண்பர் கேட்டார். நானாக எழுதியிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். இது காதில் விழுந்தது.]

5

அந்தப் படத்துக்கு மூலமான நாவலை நான் படித்திருந்தேன். பொறுமைக்குப் பேர்போன மனைவி, கடைசி அத்தியாயத்தில் புருஷன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்பாள். குற்றம் செய்தவன் அவன். மன்னிப்புக் கேட்பவள் அவள். கொட்டகையில் அந்த முடிவை அறிந்தவன் நான் ஒருவன்தானோ என்னவோ. தட்டியைத் தட்டி, "அம்மா, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எழுந்து போய்விடுங்கள்" என்று சொல்ல நினைத்தேன். யார் வீட்டுப் பெண்பிள்ளைகளிடமோ அப்படிப் பேசத் துணிவு வரவில்லை.

திரையில் எழுத்து வந்தது. "பதியின் கோபமும் ஸதிக்கு ஒரு பாக்கியமே." தங்கப்பொண்ணு அதைப் படித்தாள், குரல் தணிந்திருந்தது. கெட்டிக்காரப் பிள்ளை. கதை எந்தப் பக்கம் போகிறது என்று பிடித்துவிட்டாள்.

"சத்தமாப் படிடி," என்றாள் முருகம்மாள்.

6

வேதவல்லி வாசலுக்கு வந்தாள். குனிந்தாள். கை தரைக்குப் போயிற்று. கடைசி எழுத்து விழுந்தது:

"பிராணநாதா! பாவியேனை மன்னித்து உமது பாதத்தில் இடந்தாரும்."

இங்கே எனக்கு இரண்டு முடிவுகள் இருந்தன. ஒன்றில் தங்கப்பொண்ணு உள்ளதை உள்ளபடி படிக்கிறாள். தாய் வாயடைத்து மணலில் நடக்கிறாள். பத்திரிகைகளுக்குப் பிடித்த முடிவு. மற்றதில் மகள், "துரும்பு கிள்ளிப் போட்டான்னு எழுதியிருக்கு" என்று பொய்யாகப் படிக்கிறாள். இனிப்பு கொஞ்சம் தூக்கல். இரண்டையும் எழுதி அடித்துவிட்டேன், ஏனென்றால் நான் கேட்டது வேறு.

"என்னடி போட்டிருக்கு?" என்றாள் முருகம்மாள்.

முருகம்மாள் மறுபடி கேட்டாள்:

"ஏண்டி, தொண்டை கட்டிக்கிருச்சா?"

அப்போது அந்தச் சிறுமி சொன்னாள்: "எழுத்து அழிஞ்சுபோய்க் கெடக்கு. ஆத்தா, நீ சொல்லு. உனக்குத்தான் தெரியுமே."

[எழுத்து அழிந்திருக்கவில்லை. அவளைவிடத் தள்ளி உட்கார்ந்திருந்த நான் மூக்குக் கண்ணாடி இல்லாமலே படித்தேன்.]

அன்னக்கொடி எழுந்து நின்றிருக்க வேண்டும். குரல் மேலிருந்து வந்தது. முதலில் தடுமாறியது, பிறகு தடுமாறவில்லை.

"கால்ல விழுகுறான்னு நெனச்சுக்கிராதீக. குனிஞ்சு துரும்பை எடுக்குறா. ரெண்டாக் கிள்ளுறா. 'இந்தா, அடிச்சதும் போதும், பட்டதும் போதும். வயித்துல அடிச்சியே, அன்னைக்கே நான் கிளம்பியிருக்கணும். உனக்கும் எனக்கும் தீந்துச்சு. பிள்ள எங்கூட வரும்' அப்படிங்கிறா."

படத்தில் வேதவல்லிக்குப் பிள்ளை கிடையாது. யாரும் கேட்கவில்லை.

"பொம்பள துரும்பு குடுக்கலாமாக்கும்?" என்றது ஒரு குரல்.

"குடுத்துட்டாள்ல? வாங்கிட்டுப் போகச் சொல்லு!" என்றாள் முருகம்மாள்.

திரையில் படம் முடிந்து வெறும் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

7

அந்த நாவலாசிரியர் காலமாகிவிட்டார். இருந்தால் கோபித்திருப்பார். நானும் எழுதிப் பிழைப்பவன்தான். என் வரியை ஒருவன் இப்படித் திருப்பிப் போட்டால் எனக்கும் கோபம் வரும். ஆனால் உசிலம்பட்டியில் குச்சியோடு நின்ற அந்த மனிதனை நினைக்கும்போது கைகூப்பத் தோன்றுகிறது. காசு கொடுத்து உட்கார்ந்திருந்த பெண்களை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு அவன் கதையை மாற்றினானா, அல்லது குனிந்த கையைப் பார்த்து உண்மையிலேயே துரும்பென்றுதான் நினைத்தானா? தெரியாது. எதுவானாலும் ஒருத்தி பிழைத்துக்கொண்டாள். அவளுக்கு அவன் பெயர்கூடத் தெரியாது. வெளியே கூட்டத்தில் கலையும்போது அவள் மகளிடம் சொன்னது கேட்டது: "அந்த மகராசன் எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்."

மகள் என்ன நினைத்தாள்? எழுத்தைப் படித்தவள் அவள். தாய்க்காக அதை மறைத்தாள் என்பது இரக்கமாக இருக்கலாம். கிள்ளிப் போட்ட கையை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டுகொண்டாள் என்றும் இருக்கலாம். இரக்கப்பட்டவள் தகப்பன் வீட்டுக்குப் போகவும் செய்வாள். கண்டுகொண்டவள்—

நான் இந்த வரியைப் பலமுறை எழுதிப் பார்த்தேன்: "வெள்ளிக்கிழமை சித்தப்பா முத்திருளன் வந்து, 'கிளம்புத்தா' என்றதும், தங்கப்பொண்ணு—"

அதற்குமேல் என்னிடம் இல்லை. கூட்டம் அவர்களைக் கொண்டுபோய்விட்டது. அவள் அறிந்ததெல்லாம் இப்போது நீங்களும் அறிவீர்கள்: திரையில் என்ன எழுதியிருந்தது, தாய் என்ன சொன்னாள், இரண்டும். சித்தப்பா வாசலில் நிற்கிறார். அன்னக்கொடி சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு வாய் திறக்காமல் உள்ளே இருக்கிறாள்.

பதில் சொல்லுங்கள்.